அத்தரும் எட்டுத் தேனீக்களும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து அத்தர் மணக்கக் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறியவர், மடியில் துளையிட்ட பெட்டியோடு இருந்த மாணவியின் பக்கத்தில் உட்காரப் போனார்.

“காக்கா,” என்று அண்ணன் முறை சொல்லித் தடுத்தாள். “தள்ளி நில்லுங்க. உங்கட அத்தர் என்ட தேனீக்களைக் குழப்பிடும்.”

“தேனீக்கும் அத்தருக்கும் என்ன தொடர்பு, மகள்?”

“அத்தர் மணத்தோட சீனித்தண்ணி குடுத்துப் பழக்கியிருக்கன். இப்ப மணம் பட்டாலே எட்டுத் தேனீயும் நாக்கை நீட்டுதுகள். எள்ளளவு மூளைக்குள்ள ரெண்டும் சேந்திட்டு.”

“அப்ப நல்லதுதானே?”

“சீனி இல்லாம வெறும் மணமே வந்துக்கிட்டிருந்தா, இது ஏமாத்து எண்டு அதுகள் படிச்சிடும். பின்னேரம் கேம்பஸ்ல படிப்பிக்கிற சேருக்குச் செஞ்சு காட்டணும். நாக்கை நீட்டாட்டி நான் பெயில்.”

அவர் சிரித்துக்கொண்டே கடைசி சீட்டுக்குப் போனார். சாய்ந்தமருதுப் பள்ளிவாசலடியில் ஒரு கூட்டமே தொப்பியோடு காத்து நின்றது. பின்னாலிருந்து அவர் குரல்:

“அத்தர் பூசின ஆக்கள் எல்லாரும் பின்கதவால ஏறுங்க! முன்னுக்கு ஒரு புள்ளைக்குச் சோதினை!”