மூணு ஒரிஜினல் போல்ட்டு

ஒண்ணுமில்ல சார், அது என் வீட்டுக்காரர்தான். நாம கிளம்பிட்டோம்னு சந்தோஷத்துல கைய ஆட்டுறாரு. கத்துறாரா? கத்துவாரு சார், மெதுவாப் பேசி அவருக்குப் பழக்கமே இல்ல. டீ வாங்கப் போன மனுஷன் திரும்பி வந்து பாத்தா வண்டியும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. ஓடி வராம என்ன பண்ணுவாரு.

நீங்க மெதுவாவே போங்க. எனக்கு வண்டியில போறதுன்னாலே பயம். சிரிக்காதீங்க சார். பழைய வண்டியப் பிரிச்சு மாட்டுறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் பொழப்பு, ஆனா ஏறி உக்காந்தா கதவக் கெட்டியாப் புடிச்சுக்குவேன். வண்டியச் சரி பண்ணினவங்க யாராச்சும் பக்கத்துல உக்காரணும்னு நீங்க சொன்னதாலதான் ஏறினேன். இல்லன்னா நிக்க வெச்சே மார்க் போட்டுடலாம்ல? இந்தப் பழைய கார் கண்காட்சியில ஓடுற வண்டிக்குத்தான் முதல் பரிசா. சரி சார், நீங்க நடுவர், நீங்க சொன்னா சரிதான்.

போல்ட்டா? அதக் கேளுங்க. பானெட்டுக்குள்ள ஒண்ணு கூட புதுசு இல்லைன்னு டார்ச் அடிச்சுப் பாத்து ஆச்சரியப்பட்டீங்களே, அது அம்புட்டும் நான் அலைஞ்சது. எங்க வீட்டுக்காரருக்கு எஞ்சின் ஓடணும், அவ்வளவுதான். என்ன போல்ட்டு போட்டா என்னம்பாரு. நாந்தான் விடமாட்டேன். தலையில அந்தக் காலத்துக் கம்பெனி எழுத்து இருக்கணும், நிறம் மங்கலா இருக்கணும், புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னக்கூடாது. பழைய இரும்புக் கடையில கண்ணுல விளக்கெண்ணெய விட்டுகிட்டுத் தேடினேன். கடைக்காரன் கேக்குறான், ஏம்மா ஒவ்வொண்ணா எடுத்து மூஞ்சியப் பாத்துப் பாத்து வைக்கிறியே, தொலைஞ்சு போன உங்க சொந்தக்காரனான்னு. ஆமாய்யா, சின்ன மாமன்னு சொல்லிட்டு வாங்கிட்டு வந்தேன்.

கடைசியா மூணு மட்டும் கெடைக்கவே இல்ல. நேத்துதான் ஒரு பழைய தண்ணி இறைக்கிற எஞ்சின்ல கெடைச்சுது. அதே கம்பெனி, அதே எழுத்து. அதுவரைக்கும் போட்டிருந்த புதுசு மூணையும் கழட்டிட்டு நானே கையால மாட்டினேன். இறுக்குறது அவரு வேலை, எனக்கு அந்த பலம் கெடையாது.

சார், எதுக்கு இப்ப கியர மாத்துறீங்க? எஞ்சின் நல்லா இருக்கா. சந்தோஷம். நல்லா இருக்குறதாலதான் சொல்றேன், ஓரமா நிறுத்திட்டு எஞ்சின் சத்தத்தக் கேப்போமே. வேணாமா. சரி.

 

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், இறுக்குறது. அவருக்கு ஒரு வழக்கம் சார். போல்ட்ட இறுக்கி முடிச்சா, தலையில பெயின்ட்டால ஒரு வெள்ளைப் பொட்டு வெப்பாரு. பொட்டு இருந்தா இறுக்கியாச்சு, இல்லைன்னா பாக்கி இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாப்பாரு, பொட்டில்லாதது கண்ணுல படும், ஸ்பேனர எடுப்பாரு. நான் வாய் விட்டுச் சொல்லவே தேவையில்ல. நேத்தும் நான் சொல்லல.

போன வருஷம் அந்தப் பொட்டுக்குத்தான் நீங்க மார்க்கக் கழிச்சீங்க. ஞாபகம் இல்லியா? கம்பெனிக்காரன் வெள்ளைப் பொட்டு வெச்சா அனுப்பினான்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. வண்டி முதலாளி தலையத் தொங்கப் போட்டாரு. இந்தத் தடவையும் பரிசு இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. அவர் வண்டிங்கள விட்டா எங்களுக்கு வேற வேலை கெடையாது சார். ஷெட்டப் பூட்ட வேண்டியதுதான். அதனால இன்னைக்குக் காலைல, அவரு எந்திரிக்கறதுக்கு முன்னாடி, பெயின்ட்டக் கரைக்கிற தின்னர்ல துணிய நனைச்சு எல்லாப் பொட்டையும் தொடச்சிட்டேன். அவருக்கு ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு. ஒவ்வொண்ணாத் தொடைக்கத் தொடைக்க துணி வெள்ளையாச்சு. ஒரு மூணுல மட்டும்...

கொஞ்சம் இருங்க சார். தண்ணி இருக்கா?

ஆமா சார், மூணுல துணி வெள்ளையாகல. அப்ப எனக்கு உறைக்கல. பெயின்ட்டு காஞ்சு கெட்டியா இருக்கும், வரலன்னு நெனச்சேன் போல. இல்ல, எதையுமே நெனைக்கல. கிளம்புற அவசரம். அவரும் ஒரு பார்வை பாத்தாரு. எதுலயுமே பொட்டு இல்ல. எது பாக்கின்னு அவருக்கு எப்படித் தெரியும்? நாந்தான் தொடச்சேன்னு சொன்னதும் சிரிச்சுகிட்டே டீ வாங்கப் போயிட்டாரு. டீக்கடையில நிக்கும்போது அவருக்கு உறைச்சிருக்கும், அதான் கத்திகிட்டே ஓடி வந்தாரு. எனக்கு இப்பத்தான் உறைக்குது, உங்ககிட்ட சொல்லச் சொல்ல.

ஸ்டீயரிங் ஆடுதா? பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தானே செய்யும். எம்புட்டு ஆடுது? டக்குன்னு சத்தம் கேக்குதா?

உங்களுக்குக் குழந்தைங்க இருக்கா சார்? ரெண்டா. எனக்கு ஒருத்தி. அங்கதான் கண்காட்சியில நம்ம வண்டி நின்ன எடத்தப் பாத்துகிட்டு நிப்பா.

முன்னாடி வளைவு வருதுல்ல. நான் சொல்றபடி செய்யுங்க, கேள்வி அப்புறம் கேளுங்க. திருப்பாதீங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க. பிரேக்க மெல்ல, மெல்ல மிதிங்க. நேரா அந்தப் புல்லுத் தரைக்குள்ள விடுங்க. வேலி போனா போகட்டும், பரிசும் போகட்டும், ஷெட்டும் போகட்டும். உங்க கால்ல வேணா விழறேன், திருப்பாதீங்க சார்.

எந்த மூணுன்னா? உங்க கையில இருக்கே சார், அந்த ஸ்டீயரிங்கோட பெட்டிய வண்டிச் சட்டத்தோட புடிச்சிருக்கற மூணு. நான் விரலால திருகி வெச்சதோட நிக்குது.