ஐந்தாம் பகுதியின் ஒரு கிரெடிட்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, தூத்துக்குடியில் எங்கள் கல்லூரி முதல்வரின் அறையில், மூவர் கொண்ட விசாரணைக் குழுவின் முன் நான் அமர்ந்தேன். என் பெயர் கிருபாபாய். வயது அறுபத்தொன்பது. வணிகவியல் பேராசிரியையாக ஓய்வுபெற்று, அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் தொடர்ந்து பணியாற்றினேன். உட்கார்ந்ததும் தேநீர் கொடுத்தார்கள். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள், நன்றாக இருந்தது. அங்கு நான் சொன்னவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

பி.காம். பட்டத்துக்கு நூற்று நாற்பது கிரெடிட் வேண்டும். கணக்கியல், வருமான வரி, வணிகச் சட்டம் போன்ற பாடங்களே அவற்றில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஐந்தாம் பகுதி எனப்படும் சமூகப் பணிக்கு ஒரே ஒரு கிரெடிட். அதற்குத் தேர்வு கிடையாது. தரவரிசையிலும் அது சேராது. மாணவர்கள் அதை ஊறுகாய் என்பார்கள். ஆனால் அந்த ஊறுகாய் இல்லாத இலையைப் பல்கலைக்கழகம் சாப்பாடாகவே ஏற்காது. பணி முடித்தவர்களின் பட்டியலைத் தயாரித்து அனுப்பும் பொறுப்பை, 2020ஆம் ஆண்டு ஜெர்சன் என்ற மாணவன் முதலாண்டில் சேர்ந்த வாரத்தில், நானே கேட்டு வாங்கினேன். யாரும் விரும்பாத வேலை. சக ஆசிரியர்கள் நன்றி சொன்னார்கள்.

ஜெர்சன் நல்ல மாணவன். அடக்கவிலைக் கணக்கியலை அவனுக்கு நான்தான் கற்பித்தேன். அகமதிப்பீட்டில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து கொடுத்தேன்; அவன் எழுதியதற்கு அதுவே உரியது. தகுதியான மதிப்பெண்ணைக் குறைப்பது இழிவான செயல். அதை நான் எவருக்கும் செய்ததில்லை. புன்னைக்காயலில் ஏழு நாள் முகாம் நடந்தபோது அவனும் வந்தான். கடற்கரையில் குவிந்திருந்த கிழிந்த வலைகளையும் குப்பையையும் வெயிலில் சுமந்து அகற்றினான். ஒரு நாளும் தவறவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். முகாம் முடிந்தபின் நாற்பத்தொரு மாணவர்களின் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. நாற்பதை அனுப்பினேன்.

2023ஆம் ஆண்டு மே மாதம் இறுதி மதிப்பெண் பட்டியல் வந்தபோது அவனுக்கு ஐந்தாம் பகுதி வெறுமையாக இருந்தது. என்னிடம் வந்தான். விடுபட்ட பெயரைப் படிப்பு முடிந்த இரண்டாண்டுக்குள் சேர்க்கலாம் என்பது விதி. நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னேன். நேராகப் போய் விசாரிக்கட்டுமா என்று கேட்டான். துறையைத் தாண்டிப் போனால் கோப்பு சிக்கிக்கொள்ளும் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தான். வரும்போதெல்லாம் மக்ரூன் பொட்டலம் ஒன்று கொண்டுவருவான். நான் இனிப்பு உண்பதில்லை, காவலாளியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான்: “தாத்தாகிட்ட சொன்னேன் மேடம். ‘கிருபாபாய் டீச்சர் கைக்குப் போன தாள் தப்பாதுல, பேசாம இரு’ன்னு சொல்லிட்டாவ.”

அந்தத் தாத்தாவின் பெயர் பொன்னுதுரை.

இதற்கிடையில் அவன் வங்கித் தேர்வில் வென்றான். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் பட்டச் சான்று இல்லாமல் திரும்பினான். இப்போது துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடையில் லாரி எண்களை எழுதிக்கொண்டிருக்கிறான். 2025 ஏப்ரல் 30 அன்று இரண்டாண்டுக் கெடு முடிந்தது. மே 2 அன்று நான் பேருந்தேறிச் சாத்தான்குளத்தில் இருக்கும் அவன் தாத்தாவின் வீட்டுக்குப் போனேன்.

காரணத்தை இங்கே சொல்வதே முறை. 2001ஆம் ஆண்டு என் ஒரே மகள் ஜெபசுதா எங்கள் துறையிலேயே இறுதியாண்டு படித்தாள். மஞ்சள்காமாலை கண்டு நாற்பது நாள் படுத்துவிட்டாள். வருகை குறைந்தது. மருத்துவச் சான்று கொடுத்தால் தேர்வெழுத விடுவார்கள். அப்போது துறைத்தலைவர் பொன்னுதுரை. நான் சான்றை நீட்டிய நாளில், கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது என்று கைவிரித்தார். ஜெபசுதா அந்தத் தேர்வையும் எழுதவில்லை. பிறகு எந்தத் தேர்வையும் எழுதவில்லை. ஆத்தூரில் ஒரு தையற்கடையில் இருக்கிறாள். இருபத்துநான்கு ஆண்டுகளாக அவள் என்னோடு பேசுவதில்லை. அந்த மனிதர் அவளை அவ்வளவு நொறுக்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு மட்டும் வாழ்த்து அனுப்புகிறாளாம். அது அவளுடைய பெருந்தன்மை.

பொன்னுதுரைக்கு எண்பது வயது. மகனை இழந்தபின் பேரனை அவரே வளர்த்தார். வாசலில் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க டீச்சர். வழி தப்பி வந்துட்டியளா? உங்களுக்குத் தப்பே வராதே,” என்றார்.

நான் செய்ததை முதலிலிருந்து சொன்னேன். எல்லாம் முடிந்தபின் கேட்டார்: “பிள்ளை மேல என்ன வன்மம் டீச்சர்? நான் இங்கனதான இருக்கேன்.”

ஜெபசுதாவின் பெயரைச் சொன்னேன்.

“அந்தக் கடைசி நாள் சாயங்காலமே சான்றைக் கொண்டுவந்திய. இது போதும், வச்சிட்டுப் போங்கன்னு சொன்னேன். டாக்டர் முத்திரை மங்கலா இருக்கு, என் மக ஃபைல்ல இப்படி ஒரு தாள் இருக்கக்கூடாதுன்னு நீங்கதான திரும்ப வாங்கிட்டுப் போனிய. மறுநா பட்டியல் போயிட்டு. நான் என்ன செய்ய?”

அவர் சொன்னது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் குறையுள்ள தாளை ஏற்கத் துணிந்தவர், மறுநாள் குறையற்ற தாளை மறுத்தார். இதில் நீதி எங்கே இருக்கிறது? முந்தின மாலை அவர் என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். துறைத்தலைவருக்கு அந்த உரிமை உண்டு. தடுக்கவில்லை. இதை அவரிடம் விளக்கினேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பும் பேருந்தில் எனக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது.

மறுவாரம் ஜெர்சன் கல்லூரிக்குப் புகார் எழுதினான். விசாரணைக் குழுவின் தலைவர் முதல்வர் ஜெயகணேஷ்; என்னிடம் படித்தவர். மற்ற இருவரும் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“மேடம், ‘கவனக்குறைவால் பெயர் விடுபட்டது’ன்னு ஒரே வரி எழுதுங்க. அப்படின்னா யுனிவர்சிட்டி வி.சி. தன் அதிகாரத்துல கெடுவைத் தளர்த்திச் சேர்த்துருவாங்க. பையனுக்கு ஒரு வாரத்துல டிகிரி. வேணும்னே செஞ்சேன்னு எழுதினா போலீஸ், கோர்ட்டுன்னு போயிரும். வழக்கு முடியுத வரைக்கும் ஃபைலை யாரும் தொட மாட்டாங்க. உங்களுக்கும் கெட்ட பேரு வேண்டாம். வெளிய நிக்கான் பாருங்க.”

கதவு திறந்திருந்தது. எடைமேடையில் அரைநாள் விடுப்புச் சொல்லி வந்திருந்தான் போலும். சட்டையில் நிலக்கரித் தூசி. என்னைப் பார்த்ததும் பழக்கத்தால் வணக்கம் வைத்தான்.

முதல்வர் சொன்னதை இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கவனக்குறைவு என்றால் ஒரு வாரம். உண்மை என்றால் பல ஆண்டுகள். நாற்பது ஆண்டுப் பணியில் என் கையால் ஒரு பொய்யும் எழுதியதில்லை. இனியும் எழுதுவதாக இல்லை. தாளை எடுத்து இப்படி எழுதினேன்: “மாணவன் ஜெர்சனின் படிவத்தை நான் அறிந்தே, திட்டமிட்டே, நிறுத்திவைத்தேன்.” ஜெயகணேஷ் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். அதற்கு நான் பொறுப்பல்ல.

பிற்பகல் மூன்று மணிக்குக் குழுவின் முடிவு அறிவிக்கப்பட்டது. நான் அன்றே பணியிலிருந்து நீக்கப்பட்டேன். என் வாக்குமூலம் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. ஜெர்சனுக்குப் பட்டம் வழங்குவது வழக்கு முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று முடிவுகளிலும் எனக்கு மறுப்பில்லை.