பாதியில் நிற்காத சுவிட்ச்

ரஜிதா: மூணாவது வாட்டி கரண்டு போச்சு லோகேஸ்... இந்த வாரத்துல மட்டும்!

லோகேஸ்வரன்: தெரியும் டீச்சர். நிபோங் திபால்லேர்ந்து கடல் பாலம் தாண்டி மூணு வாட்டியும் வந்தவன் நான்தானே. சரி, மெயின் சுவிட்சை மேல தூக்கிட்டேன். பிளக்கை ஒவ்வொண்ணா போடுங்க. எதுல டிரிப் ஆகி சுவிட்ச் விழுதோ அதுதான் திருடன்.

ரஜிதா: ஐஸ் பெட்டி போட்டாச்சு.

லோகேஸ்வரன்: நிக்குது. அடுத்தது?

ரஜிதா: ரைஸ் குக்கர். ஆமா... அஞ்சாம் ஆண்டு பிள்ளைங்களுக்குப் பாடம் தயார் பண்றேன். கரண்டு சம்பந்தப்பட்ட சொல்லு. நேர்ப்பொருள் ஒண்ணு, மறைபொருள் ஒண்ணு. வயர்மேன்தானே, சொல்லுங்களேன். 'ஷாக்'?

லோகேஸ்வரன்: நேர்ப்பொருள், ஈரக் கையால ஒயரைத் தொடறது. மறைபொருள், போன மாசம் ஃபேன் மாட்ட வந்தப்ப நீங்க குடுத்த டீ.

ரஜிதா: அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?

லோகேஸ்வரன்: உப்பு போட்டிருந்தீங்க... குக்கரும் நிக்குது.

ரஜிதா: ஐயோ! சொல்லவே இல்லயே லா! சரி, 'பியூஸ் போறது'?

லோகேஸ்வரன்: நேர்ல, கம்பி உருகறது. மறைவா... வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துல உங்க மூஞ்சி.

ரஜிதா: வாய் கொழுப்பு! அயன் பாக்ஸ் போட்டாச்சு. 'கனெக்‌ஷன் அறுந்து போறது'?

லோகேஸ்வரன்: அயனும் நிக்குது. அடுத்தது?

ரஜிதா: பேச்சை மாத்தாதீங்க. சொல்லுங்க.

லோகேஸ்வரன்: நேர்ல அது ரெண்டு நிமிஷ வேலை டீச்சர். மறைபொருள் எனக்குத் தெரியாது.

ரஜிதா: நாட்டோட அந்தக் கோடியில, அந்த ஜொகூர் வேலை... இன்னிக்குள்ள பதில் சொல்லணும்னீங்களே. சொல்லியாச்சா?

லோகேஸ்வரன்: கெட்டிலைப் போடுங்க முதல்ல.

ரஜிதா: போட்டேன், நிக்குது. சொல்லியாச்சான்னு கேட்டேன்.

லோகேஸ்வரன்: ஒரு சாமானும் கெடலை. அப்புறம் ஏன் டிரிப் ஆகுது?

ரஜிதா: எனக்கெப்படித் தெரியும்? தானா விழுது.

லோகேஸ்வரன்: தானா விழுந்தா இந்த சுவிட்ச் பாதியில நிக்கும். கையால இழுத்தாதான் அடியோட கீழ இறங்கும். நான் வந்தப்ப அடியோட இருந்துச்சு.

ரஜிதா: இன்னிக்கா?

லோகேஸ்வரன்: மூணு வாட்டியும்.

ரஜிதா: மானம் போச்சு! முதல் நாளே தெரிஞ்சும் ஏன் வந்தீங்க? ஆமா, நான்தான் இழுத்துவிட்டேன். நீங்க ஜொகூர் போயிட்டா... எனக்குத் தாங்காது. போதுமா? இந்தாங்க டூல் பாக்ஸ், கிளம்புங்க... என்ன, இவ்ளோ லேசா இருக்கு?

லோகேஸ்வரன்: தொறந்து பாருங்க.

ரஜிதா: ஒரு ஸ்குரூடிரைவர்கூட இல்ல... ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு!

லோகேஸ்வரன்: கெடாத வீட்டுக்கு டூல் எதுக்கு? ஜொகூருக்கு முந்தாநாளே வேணாம்னு சொல்லிட்டேன். உக்காருங்க, ஆறிடப் போகுது... டீயை மட்டும் நான் போடறேன்.