அக்கா மகள் பெயரில்

டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற அறைகள் எனக்குப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள். நான் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். காலையில் மேஜை முன்னால் நின்றால் பொழுது சாயும்போதுதான் உட்காருவேன். அங்கே மெத்தை வைத்த நாற்காலி, சுவரில் சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கி, பக்கத்தில் பிள்ளை. "இன்னும் அரை மணி நேரமாகும்" என்றால் மற்ற அம்மாக்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வேன்.

அதனால் டாக்டர்கள்மேல் எனக்கு ஏதோ வன்மம் இருந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தக் கிளினிக் நர்ஸ் என் போட்டோவைப் பார்த்து அடையாளம் சொன்னதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். நல்ல பெண். ஆனால் நடுவிலிருந்து கேட்டால் என்னைக் கொடுமைக்காரி என்றுதான் தோன்றும். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகளைப் பூனை என்றுதான் கூப்பிடுவோம். நடந்தால் சத்தமே கேட்காது. ஏழு வயது. தொண்டை வலி என்று ஆரம்பித்தது, முழங்கால் வீங்கியது, கடைசியில் இதயத்து வால்வில் போய் நின்றது. நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வளர்ந்து ஆளாகும்வரை போட வேண்டும் என்றார் எங்கள் குழந்தை டாக்டர். "ஒண்ணுகூட விட்டுடாதீங்கம்மா. இன்னொரு தடவை தொண்டையில கிருமி வந்தா வால்வு தாங்காது." தங்கமான மனுஷர். பயமுறுத்துவதைக்கூட மெதுவாகச் சொல்வார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அவருடைய கம்பெனி கை மாறியது. அதே வண்டி, அதே பாதை, அதே திட்டு. இன்சூரன்ஸ் மட்டும் பழைய முதலாளியோடு போய்விட்டது. எங்களுக்கு அது தெரியாது. ஊசிக்குப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ரிசப்ஷன் பெண் கார்டு எண்ணைத் தட்டினாள், மறுபடியும் தட்டினாள்.

"இன்ஆக்டிவ்னு வருதுங்க."

"போன மாசம் இதே கார்டுதானேம்மா?"

"போன மாசம் இருந்துச்சு, இப்ப இல்ல. சரி பண்ணிட்டு வாங்க, உடனே உள்ள அனுப்பறேன்."

"கையில காசு இருக்கு. கட்டிடறேன்."

"அப்படி வாங்க எங்களுக்கு அனுமதி இல்லைங்க. தப்பா நினைக்காதீங்க."

அவளைத் தப்பாக நினைக்கவில்லை. அவளும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவள்தானே. போகும்போது பூனைக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தாள். 'இன்று நான் தைரியசாலி' என்று போட்டிருந்தது. வெளியே வந்ததும் பூனை கேட்டாள், "ஊசியே போடலையே, இது எதுக்கும்மா?" எனக்கு அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும் போலிருந்தது. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.

பிறகு எங்களைப் பந்தாடினார்கள். இன்சூரன்ஸ்காரர்களைக் கேட்டால் கம்பெனி பெயரை அனுப்பவில்லை என்றார்கள். கம்பெனியைக் கேட்டால் அன்றைக்கே அனுப்பியாகிவிட்டது என்றார்கள். போனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு பாட்டு போடுவார்கள், பூனை அதை முணுமுணுக்கவே ஆரம்பித்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர், சீட்டு இல்லாமல் தொடவே மாட்டேன் என்றார். செல்லுகிற கார்டு இல்லாமல் சீட்டு எழுத எந்தக் கிளினிக்கிலும் உள்ளே விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவுக்கு அடுத்த வருஷத் தேதி கொடுத்தார்கள். அவசரப் பிரிவில், "இப்ப நல்லாத்தானே இருக்கா? மூச்சு வாங்கினா கூட்டிட்டு வாங்க" என்றார்கள். நல்லா இருக்கிற பிள்ளை கெட்டுப்போகாமல் இருக்கத்தானே ஊசி. அதை எத்தனை பேரிடம் சொல்வது? சொல்லிச் சொல்லி எனக்கே அது ஏதோ சலுகை கேட்கிற பேச்சு மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த ஊசியும் தவறியது. எங்கள் வீடு மாடியில். பூனை பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "எதுக்குடி நிக்கற?" என்றால், "சும்மா வேடிக்கை பார்க்கறேன்" என்பாள். அந்தப் படிக்கட்டில் வேடிக்கை பார்க்க ஒன்றுமே கிடையாது.

எனக்கு ஒரு அக்கா. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை, அசைக்க முடியாத இன்சூரன்ஸ். அவர்களுக்கும் ஒரே மகள், என் மகளைவிடச் சில மாதம் மூத்தவள். வாலு என்று பெயர் வைத்ததே நான்தான், அவ்வளவு சேட்டை. இரண்டு பேரும் ஒரே அச்சு. தெருவில் பார்ப்பவர்கள் இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்பார்கள். வாலுவின் கார்டு ஊரின் மறுகோடியில் இருக்கிற வேறு கிளினிக்கில்தான் செல்லும். அவள் கல்லைத் தின்றாலும் செரிக்கிற பிள்ளை. வருஷக்கணக்காக அந்தப் பக்கமே போனதில்லை. அங்கே டாக்டரே மாறியிருந்தார்.

ஒருநாள் பூனை படியேறுவதை அக்கா பார்த்தாள். கைப்பையைத் திறந்து கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "ஒரு தடவைதான்டி. அவருக்குத் தெரிஞ்சா வேலையே போயிடும்." நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது நான்தான், கார்டு என்னிடம் இருப்பதில் ஒன்றும் விசேஷம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

பூனையின் முடியை வாலுவைப் போலக் கழுத்தோடு கத்தரித்தேன். போகிற வழியில் அக்கா மகள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். பூனை கெட்டிக்காரி, ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. புது டாக்டர் சின்ன வயசுப் பெண். வேறு இடத்தில் பார்த்து இதய வியாதி என்றார்கள் என்று சொன்னேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஸ்கேன் எடுத்தார், முகம் மாறிவிட்டது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பென்சிலின் ஒத்துக்காதுன்னு சிவப்புல போட்டிருக்கே? அப்ப ஊசி முடியாதுங்க. தினம் மாத்திரைதான்."

"மாத்திரை ஊசி அளவுக்கு வேலை செய்யுமாங்க?"

"உண்மையைச் சொல்லணும்னா, இந்த வால்வுக்கு ஊசிதான் நல்லது."

மாத்திரை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நல்லது எது என்று அவரே சொன்ன பிறகு, நல்லதைவிடக் கொஞ்சம் குறைந்ததைப் பெற்றவள் கையில் யாராவது கொடுக்கலாமா? "அது சின்னதுல வேர்க்குரு மாதிரி ஏதோ வந்ததுங்க. யாரோ பென்சிலின்னு எழுதிட்டாங்க" என்றேன். டாக்டர் அப்படியே நம்பிவிடவில்லை. கையில் துளி மருந்து குத்திச் சோதித்தார், கண்ணும் கருத்துமாகக் காத்திருந்து பார்த்தார். பூனையின் கை வெண்ணெய் மாதிரி அப்படியே இருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். சிவப்பு எழுத்தை அழித்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இனிமே இந்தப் பயமே வேண்டாம்."

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே நினைத்தேன். சொன்னால் கார்டைக் கேட்பாள். அன்றைக்கே ஊசி போட்டார்கள், அடுத்த மாதமும் போட்டார்கள், பூனை படிக்கட்டில் நிற்காமல் ஏற ஆரம்பித்தாள். வாலுதான் டாக்டர் பக்கமே போகிறவள் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மதியம் அக்கா போன் செய்தாள். "வாலுவுக்குக் காய்ச்சலாம், ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டாங்க. கவுண்டரை விட்டு நகர முடியலடி. நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன். கார்டு உன்கிட்டதானே இருக்கு?"

முடியாது என்றால் கார்டைத் திருப்பிக் கேட்பாள். சிரப் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பஸ்ஸில் வாலுவிடம் சொன்னேன், "உள்ள போனதும் என்னை அம்மான்னு கூப்பிடணும். சித்தின்னா அவுட்."

"ஜெயிச்சா என்ன தருவ?"

"கலர் பென்சில்."

"பெரிய டப்பா. சின்னதெல்லாம் வேணாம்."

காய்ச்சலிலும் அவளுக்கு வாய் ஓயாது. உள்ளே போனதும் தேவைக்கு மேலேயே கூப்பிட்டாள். அம்மா தண்ணி, அம்மா அந்த மீன் பாரு, அம்மா என் செருப்பு எங்க. பக்கத்தில் இருந்த அம்மா ஒருத்தி, "உங்களை நிமிஷம் விட மாட்டா போல" என்று சிரித்தாள்.

டாக்டர் வாலுவின் நெஞ்சில் குழாயை வைத்தார். நெற்றியைச் சுருக்கினார், மறுபடியும் வைத்தார். "அந்தச் சத்தமே கேக்கலையே. ஊசி அருமையா வேலை செய்யுதும்மா" என்றார். நம்ப மாட்டீர்கள், ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அது வாலுவின் நெஞ்சு என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"தொண்டை சிவந்திருக்கு. அடுத்த ஊசிக்கும் நாள் நெருங்குது. இன்னைக்கே போட்டுடலாம்."

"சிரப் குடுத்தா போதாதாங்க?"

"இந்த இதயத்துக்குப் போதாதும்மா."

நான் தடுக்கப் பார்த்தேன் என்பதை இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? இது வேறு பிள்ளை என்றா? சொன்னால் கார்டு போகும், ஊசி போகும், அக்கா வீட்டுக்காரர் வேலை போகும். என் மகள் மறுபடியும் அந்தப் படியில் வேடிக்கை பார்ப்பாள்.

நர்ஸ் ஊசியோடு வந்ததும் வாலு என் பின்னால் ஒளிந்தாள்.

"இது பென்சிலினா? எனக்கு அது ஆகாது. போட்டா செத்துப்போயிடுவேன்னு அம்மா சொல்லிருக்கு."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அம்மாதான் இங்கயே இருக்காங்களே, கேட்டுடுவோம். ஏம்மா, நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"நான் சொன்னதே இல்லைங்க. ஊசின்னா இப்படித்தான் கதை விடுவா" என்றேன்.

முதல் வாக்கியத்தில் பொய் கிடையாது. நான் அப்படிச் சொன்னதில்லை. வாலு என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டு இன்னும் முடியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மேஜையில் ஏறித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊசி போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தோம். "உதடு அரிக்குதும்மா" என்றாள். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை, அப்போதும் அம்மா என்றுதான் சொன்னாள். அந்த உதடு எப்படித் தடிக்கும் என்று எனக்குத் தெரியும். வேர்க்குரு என்று சொன்னேனே, அது வேர்க்குரு இல்லை. வாலுவுக்கு இரண்டு வயதில் ஒரு கரண்டி சிரப்புக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. அக்கா கை கால் ஓடாமல் நின்றுவிட்டாள். நான்தான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கத்தினேன், டாக்டர் ஓடிவந்தார். ஃபைலில் இதய நோயாளி என்று இருக்கிறது, அவர் வேறெதை நினைப்பார்? இதயம்தான் நிற்கிறது என்று நெஞ்சை அழுத்தச் சொன்னார். நர்ஸ் தட்டிலிருந்து, ஊசி ஒத்துக்காமல் போனால் கொடுக்கிற மாற்று மருந்தை எடுத்தாள். "பொறு, ஹார்ட்டுக்கு அது ஆபத்து" என்று டாக்டர் அவள் கையைப் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா, இதுக்கு முன்னாடி எப்பவாவது பென்சிலின் ஒத்துக்காம போயிருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க. ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் இருந்தா."

பூனை நல்லாத்தான் இருந்தாள். நர்ஸ் எடுத்த அந்த மருந்தைக் கடைசியில் கொடுத்தார்கள், அப்போது நேரம் கடந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாலு பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பாள். அது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. வாலுவைக் கொன்றது நான். டாக்டர் இல்லை. அவரை விட்டுவிடுங்கள், அவருக்கும் குழந்தை குட்டி இருக்கும்.

அக்காவிடம், நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "நீயாவது கூட இருந்தியே" என்று அழுதாள். அடக்கம் முடிந்த மறுவாரம் என் வீட்டுக்காரருடைய புது கார்டு வந்துவிட்டது. பூனையின் சொந்தப் பெயரிலேயே. பழைய டாக்டரிடமே நாளைக்கு ஊசிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. இதையெல்லாம் அக்காவிடம் நாளைக்குச் சொல்லாதீர்கள், மறுநாள் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில் இருக்கிறார், நான் இங்கே உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறேன். பூனையை அவள்தான் கூட்டிப்போக வேண்டும். கட்டாயம் போவாள். எங்கள் வீட்டில் உன் பிள்ளை, என் பிள்ளை என்று யாரும் பிரித்துப் பார்த்ததே கிடையாது.