தீபாவளிக் கதவு

நம் மாட்டுக்காரர் சங்க ஆண்டு விருந்துக்குத் தலைமை தாங்கும் மணியம் ஐயா அவர்களே, என்னினும் மூத்த பெரியோர்களே, முன்வரிசையில் விருந்தினராக வீற்றிருக்கும் தோட்ட நிர்வாகத்தாரே, பால் கறந்த கையின் ஈரம் காயுமுன் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

ஐந்து நிமிடம் பேசு என்றார்கள். மழை நிமிடம் பார்த்தா பெய்கிறது?

நம் தோட்டத்தில் ஒரு வழக்கம். தீபாவளி மாதத்தில் மழை வரும், பள்ளத்து மேய்ச்சல் நிலம் முழுகும். அந்த ஒரு மாதம் மட்டும் மேட்டுச் செம்பனைக் காட்டின் கதவை நமக்குத் திறந்துவிடுவார்கள். தீபாவளிக் கதவு என்றே அதற்குப் பெயர்.

சென்ற ஆண்டு கதவு திறந்தது. மழை வந்ததா? வெயில் வந்தது. புல்லைக் கருக்கிய வெயில், மடியை வற்றவைத்த வெயில், மாட்டை நாக்கு நீட்டி நிற்கவைத்த வெயில். விடியுமுன் மேய்த்தோம், உச்சியில் நிழலில் கட்டினோம். மாதம் முடிந்தது. பூட்டு விழுந்தது.

தைப்பூசத்தன்று கொட்டியது மழை. கோமளா மாடுகளை ஓட்டிக்கொண்டு கதவடிக்கு வந்தாள். நின்றவர் தோட்டக் காவலாளி, நம் ஜாகா காளிதாஸ்.

"அண்ணே, தொறங்கண்ணே."

"தீபாவளிக்குத்தான் தொறந்தாச்சே லா. இப்ப தைப்பூசம். ஆபீஸ்ல சொல்லணும்."

"தண்ணிகிட்ட காலண்டரக் காட்டுங்க. திரும்பிப் போகுதான்னு பாப்போம்."

சிரிக்கிறீர்களா, பிச்சைமுத்து? ஆபீஸ் பதில் வருமுன் அவளுடைய சினைப்பசு வெள்ளத்தில் சரிந்தது. எழவில்லை. கோமளா அதோ தூணோரம் அமர்ந்திருக்கிறாள். இப்போது சிரியுங்கள்.

காளிதாஸைக் குறை சொல்லமாட்டேன். சாவி அவர் கையில், சொல் ஆபீஸ் கையில். மழை தன் மாதத்தை மறந்துவிட்டது. மாடு மாறிக்கொண்டது, மாட்டுக்காரன் மாறிக்கொண்டான், பூட்டு மட்டும் மாறாதா?

தலைவர் ஐயா, மணி அடிக்காதீர்கள். முடிக்கிறேன்.

இப்போதெல்லாம் நாங்கள் பண்டிகையை நம்பி மாடு கட்டுவதில்லை. கோலா சுங்கை பாருவில் வலை வீசும் சுகுமாரனுக்குப் போன் போடுகிறோம். கடற்காற்று அவருக்குத்தான் முதலில் தெரியும். இந்த மேடை ஏறுமுன் அவரே கூப்பிட்டார்.

"மாமா, காத்து திரும்பிருச்சு. வானம் கருத்துக்கிட்டு வருது. மாட்ட மேட்டுக்கு ஏத்திருங்க."

ஏற்றத்தான் வேண்டும். இது தீபாவளி மாதமில்லை. கதவு பூட்டியிருக்கிறது.

நிர்வாகத்தாரே, ஆலோசிப்போம் என்ற சொல் எனக்கு வேண்டாம், அந்தச் சாவி எங்கள் சங்கத்தின் கையில் இருக்கவேண்டும். விருந்துக்கு நான் உட்காரப் போவதில்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு நேரே கதவடிக்குப் போகிறேன். சாவியோடு நீங்கள் வந்தால் வழிவிட்டு நிற்பேன். வராவிட்டால், பூட்டை உடைத்தவன் யார் என்று நாளைக்கு விசாரிக்க வேண்டாம். பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன்: வடிவேலு.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. கூட வருகிறவர்களுக்கு வணக்கம்.