கம்பியில் கோத்த பெயர்கள்

டைப் அடிக்கும் ஸ்டென்சில் தாளில் ஓர் எழுத்துத் தப்பினால் அழிக்கிற சிவப்பு மருந்தைத் தடவி, காயும்வரை வாயால் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்காது. எண் போட்ட பட்டியல் என்றால் இன்னும் மோசம். நடுவில் ஒரு பெயர் நுழைந்தால் கீழே உள்ள எண்களெல்லாம் மாறும். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். அந்த அலுப்பில்தான் இது தொடங்கியது என்று என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

காரைக்குடியில் அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியில் எழுபத்தொன்றாம் வருஷம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பி.ஏ. பொருளாதாரம். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்த அழகுசுந்தரம், கட்டிலுக்குக் காத்திருப்பவர்களை நோட்டில் எண் போட்டு எழுதுவார். இடையில் ஒருவரைச் சேர்க்க நேர்ந்தால் ஏழு அ, ஏழு ஆ என்று செருகுவார். எட்டாம் எண்காரர் வந்து சண்டை பிடிப்பார். நியாயம்தானே.

நான் ஆளுக்கொரு அட்டை போட்டு, மூலையில் துளையிட்டுக் கம்பியில் கோத்தேன். பெயர், ஊர், நோய் எந்த நிலை என்பது. அதன் கீழே அ, ஆ என்று அந்த வீட்டில் பரிசோதிக்க வேண்டிய பிள்ளைகள். எண்ணை மட்டும் எழுதவில்லை. பட்டியல் அடிக்கும் அன்று முதலில் இருக்கும் அட்டை ஒன்று, அடுத்தது இரண்டு. எண் இடத்துக்குச் சொந்தம், ஆளுக்கு இல்லை. ஓர் அட்டை நகர்ந்தால் அதன் பிள்ளைகளும் கூடவே நகர்ந்துவிடுவார்கள். மதுரையிலிருந்து வரும் டாக்டர் பார்த்துவிட்டு, "இது தெரியாம இத்தன வருஷம் மாரடிச்சிருக்கோமே" என்றார். அதன் பிறகு அந்தக் கம்பியை வேறு யாரும் தொடவில்லை. நோய் முற்றியவர் முதலில், ஒரே நிலையில் இருப்பவர்களில் முன்னால் வந்தவர் மேலே, அதுதான் விதி.

இந்த வருஷம் ஆவணியில் நாச்சியார் என்ற பெயருக்கு அட்டை போட்டேன். மானகிரி உடையப்பன் அம்பலத்தின் மருமகள். மானகிரி என் ஊர்தான். என் அப்பா அம்பலத்தின் வயலில் வேலை பார்த்தவர். நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அம்பலம் அப்பாவைக் களத்துமேட்டில் நிறுத்தி, "என்னடா மாயக்கண்ணா, மக கலெக்டராகி எனக்கு வரி போடப் போறாளாக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அப்பா சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வசதியுள்ள வீடு, ஊசியை விலைக்கு வாங்கிப் போடலாமே என்பீர்கள். வீட்டில் வைத்துப் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு இரண்டு மகள்கள் நின்றார்கள். இந்த நோய் இருக்கும் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லித் தோப்பு வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள், கட்டில் கிடைக்கும்வரை.

பட்டியல் ஒட்டும் திங்கட்கிழமைகளில் அம்பலம் வருவார்.

"ஏ புள்ள, நம்ம பேரு எங்குட்டு இருக்கு?"

"போர்டுல ஒட்டியிருக்கு, பாத்துக்கங்க."

அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சிறிது நேரம் நிற்கவிட்டு நானே போய் வாசித்துக் காட்டினேன். மூன்று. அடுத்த பட்டியலில் ஐந்து.

"எறங்குமுகமால்ல போகுது?"

"ஒங்களவிட இல்லாதப்பட்டவுக வந்திருக்காக. அவுகளும் மனுசங்கதான்."

பொய்யில்லை. ரிக்‌ஷா இழுப்பவர், கல்லுடைக்கும் பெண், இப்படி அதே நிலையில் யார் புதிதாக வந்தாலும் நாச்சியாருக்கு மேலே கோத்தேன். அவள் அட்டையை நான் தொடவே இல்லை. கீழே போக அதைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. ஏழைகளை யாராவது ஒருத்தி முன்னால் நிறுத்த வேண்டாமா?

ஐப்பசியில் அம்பலத்தின் தோள் துண்டு இடுப்புக்கு வந்திருந்தது.

"அம்மா, நீங்க பாத்து ஏதாச்சும் செய்யுங்க. ரத்தமா எடுக்குது."

நீங்க என்றார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

கார்த்திகையில் புதிதாக யாரும் வரவில்லை. மேலே இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கட்டில் கிடைத்துவிட்டது. மிச்சம் பூமிநாதன் ஒருவர்தான். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அவர் இறந்துபோனதை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அட்டையைக் கழற்ற வேண்டும். நான் கழற்றவில்லை. ஒன்று, பூமிநாதன். இரண்டு, நாச்சியார். அடித்து ஒட்டினேன். கட்டில் காலி, வந்து சேரவும் என்று பூமிநாதன் வீட்டுக்கு அழைப்புக் கார்டும் போட்டேன். கூப்பிட்ட ஆளுக்காக அடுத்த பட்டியல்வரை கட்டிலைக் காலியாக வைத்திருப்பது எங்கள் வழக்கம். புது விரிப்புப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கார்டைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி பொன்னுத்தாயி வந்து நர்சம்மாவிடம் கேட்டதை எல்லோரும் கேட்டார்கள். "எம் புருசனுக்குக் காரியமும் முடிஞ்சிருச்சு. இப்பக் கட்டில் குடுக்கீக. யாரத் தாயி படுக்க வைக்க?"

அதற்குள் நாச்சியார் தோப்பு வீட்டில் இறந்துபோயிருந்தாள். அவள் அட்டையில் அ என்று ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. வயது மூன்று. அந்தப் பிள்ளையை இன்னும் யாரும் பரிசோதிக்கவில்லை.

களைப்பாக இருக்கிறது, ஐயா. சுருக்கமாகச் சொல்கிறேன். நாச்சியார்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவள் பிழைக்காமல் போனது என்னால்தான். ஏழைகளுக்காகச் செய்தேன் என்றேன். செத்தவர் விஷயத்தில் அது ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அவளுக்குக் கட்டில் கிடைத்துவிட்டால், அடுத்த திங்கட்கிழமை அம்பலம் எதற்காக என் முன்னால் வந்து நிற்பார், நீங்களே சொல்லுங்கள்.