வெள்ளிக் கால்

குழந்தைகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. பிசியோதெரபி என்றாலே அப்படித்தான். இறுகிப்போன தசையை இழுத்து நீட்டினால் வலிக்கும். அழுதாலும் விடாமல் இழுப்பதுதான் என் வேலை. மரக்காணத்துச் சென்டருக்குள் நான் நுழைந்தாலே பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆஷ்லினும் அப்படி இருந்தவள்தான். ஆறு வயது. பிறந்ததிலிருந்தே குதிகால் தரையில் படாது. அவள் அம்மா பவுலின் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். கால்கூடக் கழுவியிருக்க மாட்டாள். நின்ற இடத்தில் உப்புப் பூத்துவிடும். வருஷக்கணக்காக இழுத்தேன். குதிகால் இறங்கியது. ஒருநாள் ஆஷ்லின் பிடித்து நடக்கிற கம்பியை விட்டுவிட்டு என்னை நோக்கி நாலு அடி நடந்து வந்தாள்.

பவுலின் அங்கேயே முட்டிபோட்டாள். "மாதாவே, கண்ணத் தொறந்துட்டியே" என்று அழுதாள். பிறகு என்னிடம், "இவ தனியா நடந்துட்டா கோயிலுக்கு வெள்ளிக் கால் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன் சார். வாங்கி வீட்ல வச்சிருக்கேன். திருவிழாவுக்குள்ள நல்லாவே நடந்துடுவா, பாருங்க" என்றாள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளிலிருந்து நான் இழுக்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன். ஒத்தடம் கொடுத்தேன், எண்ணெய் தடவினேன், கதை சொன்னேன். ராத்திரி காலில் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டை இனி வேண்டாம் என்றேன். பவுலினுக்கு ஒரே சந்தோஷம். "இப்பல்லாம் அழறதே இல்ல சார். உங்க பேரச் சொன்னாலே சிரிக்கிறா." அழாததைக் குணமாவதாக எடுத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

திருவிழாவில் ஆஷ்லின் தேருக்குப் பின்னால் அம்மா இடுப்பில்தான் போனாள். குதிகால் மறுபடியும் தூக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் முழங்காலும் மடங்கிக்கொண்டது.

போன மாதம் பவுலின் அந்த வெள்ளிக் காலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "மாதா கைவிட்டுட்டாங்க சார். இனிமே எங்களுக்கு நீங்கதான்" என்றாள். அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். மனசு நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

அப்புறம் யாரோ சொல்லிப் பிள்ளையைப் புதுச்சேரிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். அங்கே டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இழுத்து நீட்டாமல் விட்டதில் கால் இறுகிவிட்டது, இனி இவள் நடப்பது கஷ்டம் என்றாராம். அதனால்தான் அவள் கொடுத்த புகாரை விசாரிக்க நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வெள்ளிக் கால் டிராயரில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் துன்புறுத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளையே கேட்டுப் பாருங்கள். என் கை பட்டு அவள் அழுதே ரொம்ப நாளாகிறது.